தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்: ஓர் ஆசிரியரின் பதவி நீக்கம்

1829-ஆம் ஆண்டில் தஞ்சாவூர் மிஷன், தன் பள்ளியில் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பாடம் சொல்லிவந்த வேதநாயக சாஸ்திரியாரைப் பணியிலிருந்து நீக்கியது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தை ஒட்டியிருந்தது. தென்னிந்தியச் சுவிசேஷ சபைகளில் அவர் பாடல்களை அறியாதவர் குறைவு. சுவிசேஷக் கவிராயர் என்று மக்கள் அவரைக் கொண்டாடிய காலம் அது. புதிதாகப் பொறுப்புக்கு வந்த மிஷனரிகள் கொண்டுவந்த மாற்றங்களை அவர் பேச்சிலும் எழுத்திலும் வெளிப்படையாக எதிர்த்தார் என்பதே நீக்கத்துக்குக் காரணம். வேத (விவிலிய) மொழிபெயர்ப்பைத் திருத்துவது, வழிபாட்டிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை விலக்குவது, திருமணத்திலும் அடக்கத்திலும் பூமாலைகளைத் தடுப்பது, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் சாதி வேறுபாட்டை ஒழிப்பது ஆகிய நான்கையும் அவர் கொடுமைகள் என்றே எண்ணினார்.

இந்த நான்கும் ஒரே இயல்புடையவை அல்ல என்பதிலிருந்துதான் இந்த நிகழ்வின் ஆய்வு தொடங்க வேண்டும். முதல் மூன்றிலும் நியாயம் சாஸ்திரியார் பக்கம் இருந்தது என்று கருதுகிறேன். நான்காவதில் நியாயம் அவருக்கு எதிராக இருந்தது என்பதிலும் எனக்கு ஐயம் இல்லை. அவரைப் போற்றுவோர் நான்காவதை மெல்லக் கடந்து போகிறார்கள். அவரைக் குறை கூறுவோர் நான்காவதை மட்டும் பேசி முதல் மூன்றையும் அதன் நிழலில் வைத்துவிடுகிறார்கள். நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டியவர்கள் அக்காலத்து மிஷனரிகளும் சாஸ்திரியாருமே. இருநூறு ஆண்டுகள் ஆன பிறகும் நாம் அந்த முடிச்சை அவிழ்க்காமல் வைத்திருப்பதுதான் வருத்தம் தருகிறது.

பெயர் ஒற்றுமையால் நேரும் ஒரு குழப்பத்தை இங்கேயே விலக்கிவிடலாம். தமிழின் முதல் நாவலை எழுதியவரும் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவருமான வேதநாயகம் பிள்ளை வேறு; அவர் பிறந்தது 1826-இல், கத்தோலிக்கக் குடும்பத்தில். நாம் பேசும் வேதநாயக சாஸ்திரியார் அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவர், சுவிசேஷ சபையைச் சேர்ந்தவர்.

நெல்லையிலிருந்து தஞ்சைக்கு

சாஸ்திரியார் 1774 செப்டம்பர் 7 அன்று திருநெல்வேலிச் சீமையில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தேவசகாயம் உபதேசியாராகப் பணியாற்றியவர், கவி பாட வல்லவர். தாய் ஞானப்பூ அம்மாள், மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். 1785-இல் தஞ்சை மிஷனரி கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைச் சபையைப் பார்க்க வந்தபோது இந்தச் சிறுவனின் அறிவைக் கண்டு, தம்முடன் அனுப்பும்படி தந்தையைக் கேட்டார். மனைவியை இழந்த ஒரு தகப்பன் தன் பிள்ளையை அவ்வளவு தொலைவுக்கு அனுப்பச் சம்மதித்தது எளிய செயல் அல்ல. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரே அந்தச் சிறுவனுக்குத் தகப்பன் இடத்தில் இருந்தார். பின்னாளில் சாஸ்திரியார் எழுதியவற்றில் எல்லாம் சுவார்ட்ஸின் பெயர் ஒரு பிள்ளைக்கு உரிய உரிமையோடு வருவதற்கு இதுவே காரணம். மூத்த குருமார் அனுமதித்தவற்றைப் பிற்காலத்தவர் கலைக்கக் கூடாது என்ற அவருடைய பிடிவாதத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

அதே சுவார்ட்ஸின் நிழலில் இன்னொரு சிறுவனும் வளர்ந்தான். 1777-இல் பிறந்து, துளஜா மன்னரால் சுவீகாரம் எடுக்கப்பட்டு, அரியணைப் போட்டியில் உயிருக்கே ஆபத்து நேர்ந்த நிலையில் சுவார்ட்ஸின் காவலில் ஒப்படைக்கப்பட்ட சரபோஜியே அவன். மூன்று வயது மூத்தவரான உபதேசியார் மகனும் பின்னாளில் மன்னராகப் போகிறவரும் ஒரே ஆசானிடம் கற்றார்கள். இந்த உறவு 1829-இல் எவ்வளவு பெரிய பொருள் பெற்றது என்பதைப் பின்னர் காண்போம்.

தஞ்சையில் அடிப்படைக் கல்வி முடிந்ததும் மேற்படிப்புக்காக வேதநாயகம் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியது முதல் அச்சுக்கூடமும் பள்ளிகளும் நூல் சேகரங்களுமாக வளர்ந்திருந்த சிற்றூர் அது. அங்கே வேதசாஸ்திரம் மட்டும் கற்பிக்கப்படவில்லை. அங்கிருந்த டாக்டர் ஜான் கடற்சிப்பிகளையும் மீன்களையும் சேகரித்து ஐரோப்பிய இயற்கையியலாளர்களோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். ராட்லர் தாவரவியலில் பெயர் பெற்றவர், பிற்காலத்தில் தமிழ் அகராதியும் தொகுத்தவர். வானவியலும் பூகோளமும் கணிதமும் இயற்கை வரலாறும் வேதபாடத்தோடு சேர்ந்தே அந்த மாணவரிடம் வந்தன. படைப்பை அறிவது படைத்தவரை அறிவதன் ஒரு பகுதி என்பது ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஆசிரியர்கள் கொண்டுவந்த எண்ணம். வேதநாயகம் அதை மனமார ஏற்றுக்கொண்டார்.

பாடம் சொன்ன கவி

1794-இல், இருபது வயது நிறைவதற்கு முன்னரே, தஞ்சைப் பள்ளியின் தலைமையை அவரிடம் சுவார்ட்ஸ் ஒப்படைத்தார். உபதேசிமார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் உருவாக்கும் பள்ளி அது. அங்கே தமிழ் இலக்கியம், கணிதம், வானவியல், வேதபாடம் ஆகியவற்றை அவர் கற்பித்தார். சிற்றூர்களுக்குப் போய் ஒரே ஆளாகப் பள்ளியையும் சபையையும் நடத்த வேண்டியவர்களுக்கு அவர் ஆசிரியர். காலையில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, மாலையில் வீடு வீடாகச் சென்று ஜெபம் நடத்தி, ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்துப் பிரசங்கம் செய்து, இறந்தவரை அடக்கம் செய்யவும் வேண்டிய அந்த உபதேசிமார்களுக்கு அச்சிட்ட நூல்கள் மிகக் குறைவாகவே கிடைத்தன. நினைவில் நிற்கும் பாட்டுத்தான் அவர்கள் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய நூலகம். சாஸ்திரியார் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைச் செய்ததற்குக் கவித்துவ வேகத்தோடு இந்தத் தேவையும் காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

1800-ஐ ஒட்டி அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி இதற்குச் சிறந்த சான்று. குறவஞ்சி என்னும் நாடக வடிவம் தமிழ் மக்களுக்கு மிகவும் பழக்கமானது. தலைவன் உலா வருவான். தலைவி அவன்மேல் மையல் கொள்வாள். குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் சொல்லிக் கைபார்த்துக் குறி கூறுவாள். குறவன் பறவை பிடித்தபடி அவளைத் தேடி வருவான். இந்த வடிவத்தின் முடியெனக் கருதப்படும் குற்றாலக் குறவஞ்சி சாஸ்திரியார் பிறந்த நெல்லைச் சீமையில் அதே நூற்றாண்டில் எழுந்தது. சாஸ்திரியாரின் நூலில் தலைவன் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி என்னும் திருச்சபை. குறி சொல்லும் ஞானச்சிங்கி விசுவாசத்தின் உருவம். ஞானச்சிங்கன் வலை வீசிப் பிடிப்பது பறவைகளின் பெயரில் மனிதர்களை. சிற்றின்பச் சாயல் கொண்ட ஒரு வடிவத்தை எடுத்து, அதன் அழகு எதையும் குறைக்காமல், திருச்சபையின் பக்தியைச் சொல்லும் நூலாக ஆக்கியது சாதாரணத் திறமை அல்ல.

ஆனால் அந்த நூலை ஓர் ஆசிரியரின் நூல் என்று சொல்ல வைப்பது வேறொன்று. நாட்டுவளம் பாட வேண்டிய இடத்தில் அவர் உலகத்தின் பூகோளத்தையே பாடுகிறார். வான்வெளியைப் பாடும்போது சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றும் கோப்பர்னிக்கஸின் ஒழுங்கைச் சொல்கிறார். உயிர்களின் பெயர்களை வகை வகையாக அடுக்குகிறார். தரங்கம்பாடியில் தாம் கற்றதும் தஞ்சையில் தாம் கற்பித்ததும் இசையாகவும் தாளமாகவும் பார்வையாளர் காதில் விழும்படி அவர் செய்திருக்கிறார். அதே காலத்தில் சரபோஜி மன்னர் மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி என்ற நூலைச் செய்ததும், அதில் குறத்தி உலகப் பூகோளத்தை எடுத்துரைப்பதும் தற்செயல் அல்ல. ஒரே ஆசானிடம் பயின்ற இருவர், ஒருவர் அரண்மனையிலும் மற்றவர் மிஷன் பள்ளியிலும் இருந்துகொண்டு, புதிய அறிவை மக்களிடம் சேர்க்கக் குறத்தியின் வாயையே தேர்ந்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் நவீன அறிவியல் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டு குறவஞ்சிகளுக்கும் இன்னும் கூடுதலான இடம் தர வேண்டும்.

நிர்வாகம் மாறிய விதம்

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13 அன்று இறந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். மிஷன் பொறுப்பு சுவார்ட்ஸின் வளர்ப்பு மகன் போலவே இருந்த ஜான் காஸ்பர் கோல்ஹாஃப் என்பவரிடம் வந்தது. அவர் தரங்கம்பாடியிலேயே பிறந்தவர். தமிழைக் குழந்தைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர். ஊர் வழக்கங்களை அறிந்தவர். அவர் காலத்தின் முற்பகுதியில் பழைய ஒழுங்குகளில் பெரிய மாற்றம் எதுவும் நேரவில்லை.

1820-களில் நிலைமை மாறியது. தஞ்சை மிஷன் லூத்தரன் குருமாரால் நடத்தப்பட்டாலும் அதற்குப் பணம் தந்தது லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். 1825-இல் அந்தச் சங்கம் தன் தென்னிந்தியப் பணிகளை ஆங்கிலிக்கன் சபையின் நற்செய்தி பரப்பும் சங்கத்திடம் ஒப்படைத்தது. ஜெர்மானிய வழியில் தளர்வாக நடந்துவந்த ஒரு சபை, கல்கத்தா பிஷப்பின் கண்காணிப்புக்கு உட்பட்ட இறுக்கமான அமைப்புக்குள் வந்தது. சென்னையிலிருந்து தஞ்சைக்கு வந்த ஹௌப்ரோ போன்ற இளைய மிஷனரிகள், தாங்கள் கண்ட சபையில் பழைய வழக்கங்கள் மிகுதியாக இருப்பதாக எண்ணித் திருத்தத்தில் இறங்கினார்கள். அவர்களில் சிலரைவிட சாஸ்திரியார் இருபது வயதுக்கு மேல் மூத்தவர். அவர்கள் தமிழ் கற்கத் தொடங்குவதற்கு முன்பே தமிழ்ச் சபையின் பாட்டுகளை எழுதியவர். இருந்தும் முடிவெடுக்கும் இடத்தில் அவருக்கு ஆசனம் இல்லை. சம்பளம், வீடு, பள்ளி, திருவிருந்து எல்லாம் அவரைத் திருத்த முற்பட்டவர்களின் கையிலேயே இருந்தன. வேலை கொடுப்பவரும் ஆன்மாவுக்குப் பொறுப்பானவரும் ஒருவராகவே இருந்துவிட்டால், மாறுபட்டுப் பேசும் ஊழியர் ஒரே நாளில் பணியையும் சபையில் தம் இடத்தையும் இழக்க நேரிடும். மிஷன் நிர்வாகத்தின் இந்த அமைப்பை விளங்கிக்கொள்ளாமல் 1829-ஐ விளங்கிக்கொள்ள முடியாது.

வேதம், பாட்டு, பூ

வேதத் திருத்தத்தைப் பற்றிய வழக்கு முதலாவது. தஞ்சைச் சபை பயன்படுத்தியது ஜெர்மானிய மிஷனரி பெப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு. புதிய ஏற்பாடு 1772-இலும் பழைய ஏற்பாடு அடுத்த இருபது சொச்சம் ஆண்டுகளிலும் அச்சாயின. மூலமொழிகளுக்கு மிக நெருங்கி நிற்கும் அந்த நடை சில இடங்களில் கடினமானது. புதிதாகப் படிப்பவரைத் தடுமாற வைப்பது. இரேனியஸ் ஐயர் எளிய, இலக்கணச் சுத்தமான, பேசுவது போல ஓடும் நடையில் புதிய திருத்தத்தை மேற்கொண்டார். அவருடைய நோக்கத்தில் குறை காண முடியாது. திருநெல்வேலியில் புதிய சபைகளை எழுப்பிக்கொண்டிருந்தவருக்குப் புதியவர்கள் படிக்கக்கூடிய வேதம் வேண்டியிருந்தது. ஆனால் தஞ்சையில் மூன்று தலைமுறையினர் ஜெபித்து மனப்பாடம் செய்த சொற்கள் ஏற்கெனவே இருந்தன. நோயிலும் மரணத்திலும் அவர்கள் நாவில் வந்தவை அந்தச் சொற்களே. அவற்றை அவர்களைக் கேட்காமல் மாற்றுவது அவர்கள் பக்தியின் மீது கைவைப்பதாகும் என்று சாஸ்திரியார் வாதிட்டார். வரலாறு இதில் அவருக்குப் பாதியேனும் இணங்கியது. 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வெளிவந்த ஒன்றிணைந்த மொழிபெயர்ப்பு இரேனியஸின் எளிமையையும் பெப்ரிசியஸின் மூல நெருக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. லூத்தரன் சபைகளோ பெப்ரிசியஸை நெடுங்காலம் விடவே இல்லை.

பாட்டைப் பற்றிய வழக்கு இன்னும் தெளிவானது. ஜெர்மன் மெட்டுகளில் மொழிபெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகள் தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே ஆலயத்தில் பாடப்பட்டன. மெட்டுக்காகச் சொல்லை உடைத்தும் நீட்டியும் பாட வேண்டிய அவை தமிழ்க் காதுக்கு ஒருபோதும் முழுமையாக இசையவில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்து, இராகமும் தாளமும் கொண்ட சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் வீடுகளில் சதுர் எனப்பட்ட மாலை நேரப் பாட்டுக் கூடுகைகளிலும் பண்டிகைகளிலும் மக்களை ஈர்த்தன. இவை கோயிலையும் தேவதாசிகளையும் நினைவூட்டும் இசை என்று எண்ணிய மிஷனரிகள் அவற்றை வழிபாட்டுக்கு வெளியே நிறுத்த விரும்பினார்கள். தங்கள் ஊர் இசையிலும் ஒரு காலத்தில் நாட்டுப்புற மெட்டுகள் கலந்திருந்தன என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு மக்களின் இசை முழுவதையும் அதன் ஒரு பயன்பாட்டைக் கொண்டு தீர்ப்பிடுவது நியாயமற்றது. சாஸ்திரியார் கோபப்பட்டது சரியே.

பூமாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணமக்களுக்கு மாலை சூட்டுவதும் இறந்தவர்மேல் பூத்தூவுவதும் சிலை வணக்கம் ஆகாது என்ற எளிய உண்மையை அன்று ஏற்க மறுத்தார்கள். இன்று பெரும்பாலான தமிழ்ச் சபைத் திருமணங்கள் மாலையோடுதான் நடக்கின்றன.

சாதி

நான்காவது வழக்கில்தான் நாம் நெடுநேரம் நிற்க வேண்டும். தஞ்சை ஆலயத்தில் வேளாளர் ஒரு பக்கமும் பறையர் மறுபக்கமுமாக அமர்ந்தார்கள். திருவிருந்தை வேளாளர் முதலில் பெற்றார்கள். பறையர் பின்னர் பெற்றார்கள். சுவார்ட்ஸ் இதை விரும்பவில்லை என்றாலும், நாளடைவில் கல்வியும் அன்பும் இதைக் கரைத்துவிடும் என்று நம்பிப் பொறுத்துக்கொண்டார். இளைய மிஷனரிகள் பொறுக்க மறுத்தார்கள். ஒரே வரிசையில் அமர வேண்டும், ஒரே வரிசையில் வந்து பாத்திரத்தைப் பெற வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் 1829-இல் இதற்கு எதிராக விரிவாக எழுதினார். சாதி என்பது உலக ஒழுங்கைச் சேர்ந்தது, மதத்தைச் சேர்ந்தது அல்ல. ஐரோப்பாவிலும் பிரபுவும் பிச்சைக்காரரும் ஒன்றாக அமர்வதில்லை. எங்கள் மூத்த குருமார் எங்களை இந்த நிலையிலேயே ஏற்றுக்கொண்டார்கள் என்பன வேளாளர் தரப்பின் வாதங்கள்.

இவற்றில் இரண்டாவது வாதம் மிஷனரிகளைச் சரியான இடத்தில் குத்தியது. இங்கிலாந்து ஆலயங்களில் செல்வர்கள் வாடகை கொடுத்து இருக்கைகளைத் தங்களுக்கென வைத்திருந்த காலம் அது. இங்கே வந்த ஐரோப்பியரும் தமிழ்க் கிறிஸ்தவர்களைத் தங்களுக்குச் சமமாக நடத்தியதில்லை. ஆனால் பிறருடைய அநீதியைச் சுட்டிக்காட்டுவது நம்முடைய அநீதியை நியாயமாக்காது. ஐரோப்பியப் பிச்சைக்காரருக்கு நிலைமை மாறக்கூடும். பறையராகப் பிறந்தவருக்கு அவர் எவ்வளவு கற்றாலும், எவ்வளவு பக்தியாக இருந்தாலும், பின்வரிசை மாறவில்லை. உலக ஒழுங்கு என்று சொல்லப்பட்டது திருவிருந்து மேசைவரைக்கும் வந்து நின்றுகொண்டது. அந்த மேசையில் அது நின்ற பிறகு அதை மதத்துக்குப் புறம்பானது என்று எவ்வாறு சொல்ல முடியும்?

இந்த அநீதி வெறும் கொள்கை அளவில் இருக்கவில்லை என்பதைத் தஞ்சை மிஷனின் முன்வரலாற்றில் உள்ள ஒருவரின் வாழ்க்கை காட்டுகிறது. 1700-இல் பிறந்த இராஜநாயக்கன் தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த பறையர். அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷங்களைத் தாமே படித்து மனம் மாறித் தரங்கம்பாடியாரோடு சேர்ந்தவர். 1771-இல் இறக்கும்வரை தஞ்சை நாட்டில் எதிர்ப்புகளுக்கும் அடிகளுக்கும் நடுவே சபைகளைக் கட்டி எழுப்பிய உபதேசியார். 1733-இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்த அபிஷேகத்துக்கு இராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டபோது, அவர் கையால் வேளாளர் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற காரணத்தால் அவர் விலக்கப்பட்டார். 1741-இல் அபிஷேகம் தியோகு என்ற வேறொருவருக்குக் கிடைத்தது. மூத்த குருமாரின் பொறுமை என்று சாஸ்திரியார் நன்றியோடு நினைத்ததன் விலையை இராஜநாயக்கன் செலுத்தியிருந்தார். வேதநாயகம் பாளையங்கோட்டையில் பிறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அவர் காலமாகிவிட்டார் என்றாலும், அவருடைய சமூகத்தவர் தஞ்சை ஆலயத்தின் மறுபக்கத்தில் அமர்ந்து சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சாஸ்திரக் கும்மி என்ற நூலில் சகுனம், நாள் பார்த்தல், பேய் பயம் முதலிய நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அறிவின் முன் நிறுத்தி விசாரித்தவர் சாஸ்திரியார். கோள்களின் சுழற்சியைக் கும்மியிலும் குறவஞ்சியிலும் பாடிய அந்த ஆசிரியர், பிறப்பால் வரும் தாழ்வு என்ற நம்பிக்கையை மட்டும் அதே விசாரணைக்கு உட்படுத்தவில்லை. அறியாமையால் நேர்ந்தது என்று இதை மன்னிக்க முடியவில்லை. அவர் அறியாதவர் அல்லர். தம் தந்தையும் தம் ஆசானும் தமக்குத் தந்த உலகத்தைக் குலையாமல் காப்பதே உண்மையுள்ள பிள்ளையின் கடமை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையே அவருடைய பாட்டுகளையும் வேத மொழியையும் காத்தது. அதுவே அநீதியான ஓர் இருக்கை ஒழுங்கையும் காக்க முயன்றது.

மிஷனரிகளின் தவறு வேறு வகையானது. சாதியை ஒழிப்பது சரியான நோக்கம். ஆனால் பூமாலையையும் கீர்த்தனையையும் பழைய வேதத்தையும் அதே மூச்சில் ஒழிக்கப் புறப்பட்டதால், சாதிக்கு எதிரான அவர்கள் குரல் தமிழ் வழக்கங்களுக்கு எதிரான குரலாகவே கேட்டது. சாதியைக் காக்க விரும்பியவர்கள், நாங்கள் எங்கள் மொழியையும் வழக்கத்தையும் காக்கிறோம் என்று சொல்ல இடம் கிடைத்தது. பூவையும் பாட்டையும் விட்டுவிட்டு திருவிருந்து மேசையில் மட்டும் அவர்கள் உறுதியாக நின்றிருந்தால், சாஸ்திரியாரைப் போன்ற ஒருவர் எதிர்ப்பின் தலைமையை ஏற்றிருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

பதவி போன பின்

பதவியை இழந்த சாஸ்திரியாருக்கு அரண்மனை அடைக்கலம் தந்தது. சரபோஜி மன்னர் அவரை அவைப்புலவராக ஏற்று மானியம் அளித்தார். பெருவுடையார் கோயிலில் தம்மைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட சிவக்கொழுந்து தேசிகரின் குறவஞ்சி நடிக்கப்பட ஆதரவளித்த அதே மன்னர், பெத்லகேம் நாதரைப் பாடிய கவிராயருக்கும் சோறிட்டார். அந்த ஆதரவு நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1832 மார்ச்சில் சரபோஜி இறந்தார், அடுத்து வந்த சிவாஜியின் காலத்தில் மானியம் குறைந்தது. ஆசிரியர் என்ற நிலையான வருவாய் இல்லாத குடும்பத்தலைவராக, வீடுகளிலும் சபைகளிலும் பாடியும் பிரசங்கித்தும், அவர் எஞ்சிய முப்பது ஆண்டுகளைக் கழித்தார். அவரோடு சேர்ந்து பாடிய மகள் ஞானதீபம் அம்மாளும் அந்தப் பாடல்களைக் காத்தவர்களில் ஒருவர்.

சாதி வழக்கு அவர் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. அவர் நீக்கப்படுவதற்கு முன்பே, 1826 ஈஸ்டரை ஒட்டித் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பிஷப் ஹீபர் இந்தப் பிணக்கை மென்மையாக விசாரிக்க விரும்பினார். ஆனால் சில நாட்களில், ஏப்ரல் 3 அன்று, திருச்சியில் குளிக்கும்போது நீரில் இறந்துபோனார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர்களில் டேனியல் வில்சன் 1833-இல் அனுப்பிய சுற்றறிக்கை, சபைக்குள் சாதி வேறுபாடு தீர்மானமாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிடப்பட வேண்டும் என்றது. தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளர் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். இணங்க மறுத்த உபதேசிமார்களும் ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள். 1840-களில் தரங்கம்பாடியை மையமாகக் கொண்டு வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் மென்மையான போக்கைக் கொண்டிருந்ததால், வெளியேறியவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சாதியை உடனே முடிக்க எழுந்த ஆணை, ஓர் ஊரில் இரண்டு சபைகளை உண்டாக்கியது. பறையர் கிறிஸ்தவருக்கு அந்த ஆணையால் ஆலயத்தில் சம இடம் கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதை அற்பமானதாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

பாட்டு வழக்கு வேறு திசையில் போனது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தஞ்சைக் கவிராயரின் கீர்த்தனைகளின் அருமையை உணர்ந்து, அவற்றைச் சாஸ்திரியார் குடும்பத்தாரிடமிருந்து கேட்டுப் பெற்று, 1853-இல் தொகுத்து அச்சிட்டார். ஒரு மிஷன் ஆலயத்துக்கு வெளியே நிறுத்திய பாட்டை இன்னொரு மிஷன் அச்சிட்டு ஆலயத்துக்குள் கொண்டுவந்தது. அதன் பின் வந்த கீர்த்தனைத் தொகுப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த நூலே முன்னோடி. சாஸ்திரியார் தம் பாடல்கள் வேளாளர் பக்கத்திலும் மறுபக்கத்திலும், லூத்தரன் சபையிலும் ஆங்கிலிக்கன் சபையிலும், மதுரையிலும் நெல்லையிலும் பாடப்படுவதைத் தம் முதுமையில் அறிந்திருந்தார். 1864 ஜனவரி 24 அன்று, எண்பத்தொன்பதாம் வயதில், தஞ்சையில் காலமானார். அவருடைய வழித்தோன்றல்கள் கதாகாலட்சேபமாக அந்தப் பாடல்களை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் எடுத்துச் சென்றார்கள்.